பாளையங்கோட்டைக்குக் குடிவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல், மே பிறந்தால் பாளைத் தெருக்களில் கட்டிலும் பீரோவும் ஏற்றிய டெம்போக்கள் வீட்டு நம்பர் தேடி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். மாற்றலாகி வருகிற அரசு ஊழியர்கள், பிள்ளை படிப்புக்காக ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள், ஓய்வு பெற்று வருகிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது லேசு.

பாளையங்கோட்டை, திருநெல்வேலியில் ஒரு பகுதிதானே?

காகிதத்தில் ஆமாம். 1994 ஜூன் 1-ஆம் தேதி திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் ஒன்றாக்கி மாநகராட்சி அமைத்தார்கள். இன்றும் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுக்கு அதே நான்கு பெயர்கள்தான்.

ஆனால் 1866-லிருந்து தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. பேச்சில் இன்னும் தனி ஊர்தான். நெல்லையப்பர் கோயில் இருப்பது 'டவுன்'. ரயில் நிலையம் இருப்பது 'ஜங்ஷன்'. ஆற்றுக்குக் கிழக்கே 'பாளை'. பாளைக்காரர் ஒருவர் "திருநெல்வேலிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார். போகிற இடம் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு விழிப்பதுண்டு.

நடுவில் தாமிரபரணி ஓடுவதுதான் காரணம். ஒருகாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகில்தான் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக்கொடுத்தார். 1843-இல் திறந்த அந்தப் பாலம் அவர் பெயரிலேயே இன்னும் நிற்கிறது, பஸ்ஸும் லாரியும் அதன்மேல் போகின்றன. மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றொரு கதையும் ஊரில் உண்டு. இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு வேலையாகப் போனால், ஐந்து நிமிஷம் பாலத்தில் நின்று அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோட்டை எங்கே இருக்கிறது?

பெயரில் இருக்கிறது. மற்றபடி துண்டு துண்டாகத்தான் மிச்சம். மேலவாசல், கீழவாசல் என்று சொல்வதெல்லாம் கோட்டையின் வாசல்கள். மேலவாசலில் இப்போது முருகன் கோயில். கோட்டைக் கொத்தளம் ஒன்றின்மேல் வெகுகாலம் போலீஸ் ஸ்டேஷன் நடந்தது. 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு அவர் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். 1801 பிப்ரவரியில் அவர் தப்பித்துப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சியில் மறுபடி கோட்டை கட்டினார். வ.உ.சி.யை 1908 மார்ச்சில் கைதுசெய்தபோது முதலில் கொண்டுவந்து வைத்ததும் பாளை சிறையில்தான்.

ஆக, இந்த ஊருக்கு முதலில் வந்து தங்கியவர்கள் சிப்பாய்கள். அப்புறம் பாதிரிமார்கள், அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், பிறகு குமாஸ்தாக்கள். பூர்வீகம் என்று பேசுகிற குடும்பங்களிலும் நாலு தலைமுறை பின்னால் போனால் யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்திருப்பார். புதிதாக வருகிறவரை இந்த ஊர் பெரிதாக முறைத்துப் பார்க்காததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு சின்ன ஊருக்கு ஏன் இத்தனை பள்ளிக்கூடமும் கல்லூரியும்?

'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்ற பட்டத்தைப் பாளையில் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை உங்களிடம் சொல்வார். அந்தப் பட்டத்தில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. யார் யார் படிக்க வழி இல்லாமல் இருந்தார்களோ அவர்களுக்கு இங்கே முதலில் பள்ளிக்கூடம் திறந்தார்கள் என்பதுதான் சொல்லத் தகுந்த விஷயம்.

ஆரம்பம் ஒரு பெண்ணிடமிருந்து. தஞ்சாவூரிலிருந்து வந்த கோகிலா என்ற பிராமண விதவை 1778-இல் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். அவர் முயற்சியில் எழும்பி 1785-இல் பிரதிஷ்டையான சிறிய ஆலயம் இன்றும் இருக்கிறது. 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றுதான் ஊரில் பெயர். 1780-இல் இங்கிருந்த சபைப் பதிவேட்டில் மொத்தமே 40 பேர்.

அப்புறம் 1820-இல் ரேனியஸ் வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த இந்தப் பாதிரியார் தமிழை ஆழமாகப் படித்தவர். 1826-இல் அவர் கட்டிய ஆலயம்தான், பின்னால் கூர்மையான கோபுரம் சேர்ந்து, இப்போது எல்லாரும் சொல்கிற ஊசிக்கோபுரம். வழி சொல்லும்போது பாதிப் பேர் அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

தூய யோவான் கல்லூரி 1878. சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி 1895. தூய சவேரியார் கல்லூரி 1923, இது இயேசு சபையாருடையது. ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971. இதில் சாராள் தக்கர் கதை தனி. அந்த அம்மாள் இங்கிலாந்தில் இருந்தவர், உடல் ஊனமுற்றவர், பாளையை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. சென்னையில் மிஷனரியாக இருந்த அண்ணன் எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் இந்தப் பக்கத்துப் பெண்களின் நிலை அவருக்குத் தெரியும். அவர் நினைவாகத் திரட்டிய பணம் பெண்கள் பள்ளியாகி, பின்னால் கல்லூரியானது.

பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 1890-களிலேயே இங்கே இருந்தன. அஸ்க்வித் அம்மையார் ஒன்றையும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் இன்னொன்றையும் ஆரம்பித்தார்கள். அதனால் பாளைக் கடைத்தெருவில் கைஜாடையில் பேசிக்கொண்டு போகிற பிள்ளைகளையோ வெள்ளைக் கம்போடு ரோட்டைக் கடக்கிறவர்களையோ யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கடைக்காரர்களில் சிலருக்கு விலை சொல்லும் அளவுக்குக் கைஜாடையே தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஊரில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

இதெல்லாம் இருக்க, ஜூன் மாதம் அட்மிஷனுக்கு அலைவது அலைச்சல்தான். பெயர்பெற்ற நாலைந்து பள்ளிக்கே எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பெயர் இல்லாத பள்ளிகளிலும் நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?

நடந்து போகிற தூரத்தில் பள்ளி, கடை, ஆலயம், கோயில் எல்லாம் வேண்டும் என்றால் பழைய பாளை: முருகன்குறிச்சி, தெற்கு பஜார், சமாதானபுரம் பக்கம். வீடுகள் பழசு, நெருக்கம் அதிகம், வண்டி நிறுத்த இடம் இருக்காது. காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை யூனிபார்ம் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்கள் ரோட்டை முழுசாக எடுத்துக்கொள்ளும்.

அமைதி வேண்டும் என்கிறவர்கள் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர் போவார்கள். பெருமாள்புரத்திலும் காலனியிலும் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும்தான். காலை ஐந்தரைக்கே நடைபயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் வீட்டு வாசலில் ராத்திரி லைட் அணைக்காமல் விட்டால் ஆறு மணிக்குள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். சிலருக்கு இது தொல்லை, சிலருக்கு இதுதான் பாதுகாப்பு. மகாராஜநகரில் உழவர் சந்தை இருப்பது ஒரு பெரிய சௌகரியம்.

இன்னும் புதுசாக, மனை வாங்கிக் கட்டுகிறவர்கள் தூத்துக்குடி ரோட்டில் கே.டி.சி. நகர், திருச்செந்தூர் ரோட்டில் வி.எம். சத்திரம் பக்கம் போகிறார்கள். காற்று நன்றாக வரும். மருத்துவக் கல்லூரியில் வேலை என்றால் ஹைகிரவுண்டு பக்கம் பார்ப்பது புத்திசாலித்தனம். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி தினமும் போகவேண்டிய வேலை என்றால், கேட் அடைத்துக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள்?

எத்தனை பேர், என்ன வேலை, சைவமா அசைவமா. அப்புறம் "சொந்த ஊரு எது?" என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெரு கேட்பது எதற்கு என்று இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நேராகச் சாதி கேட்கக் கூச்சம், தெரிந்துகொள்ளாமல் விடவும் மனசு இல்லை. இத்தனை கல்லூரி இருந்தும் இது போகவில்லை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழைய தெருக்களைவிடப் புதுக் குடியிருப்புகளில் இது குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. தெருவைச் சொல்ல மறுத்துவிட்டு வேறு வீடு பார்த்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு கிடைத்திருக்கிறது.

தண்ணீர் எப்படி?

தாமிரபரணித் தண்ணீர். மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படும் விஷயம் இது ஒன்றுதான். பொதிகை மலையில் பிறந்து இரண்டு பருவமழையும் வாங்குகிற ஆறு. ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் தினமும் குழாயில் வராது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

பழவூர் அணைக்கட்டிலிருந்து வருகிற பாளையங்கால்வாய், மேலப்பாளையத்தையும் பாளையையும் தொட்டுக்கொண்டு குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. குடியிருப்பு நடுவே அது ஓடுகிற கோலத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். சாக்கடை, பிளாஸ்டிக், எல்லாம் அதில்தான். தண்ணீர் திறந்துவிட்ட முதல் வாரம் மட்டும் கால்வாய் மாதிரி தெரியும். ஆற்றில் குளிக்க ஆசை என்றால் வண்ணார்பேட்டை பேராத்துச் செல்வி அம்மன் கோயில் படித்துறைக்கு ஆட்கள் போவார்கள். இன்னும் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்றால் ஊருக்கு மேற்கே, அம்பாசமுத்திரம் பக்கம்தான் போகவேண்டும்.

வெள்ளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆறு கரையை மீறி வந்தது. 2023-இல் ஜங்ஷன் பக்கமும் ஆற்றை ஒட்டிய தெருக்களும் தண்ணீரில் நின்றன. கரையோரமோ குளத்தை ஒட்டியோ வீடு பார்த்தால் அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுவரிலேயே கோடு இருக்கலாம்.

மேலப்பாளையம் எப்படிப்பட்ட இடம்?

முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பழைய ஊர். முன்னால் தறி ஓடிய தெருக்கள். நெசவு நொடித்தபோது பீடி அந்த இடத்தைப் பிடித்தது. இன்றும் வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்கள் பாளைக் கல்லூரிகளில் நிறையப் பேர்.

செவ்வாய்க்கிழமை சந்தை மாவட்டம் தாண்டிப் பெயர்பெற்றது, ஆடு மாடு வாங்கத் தூரத்திலிருந்து வருவார்கள். பக்ரீத், தீபாவளிக்கு முந்திய செவ்வாயில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போகாதீர்கள். வெளியூரில் மேலப்பாளையத்தைப் பற்றிப் பயமுறுத்திப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் அங்கே போய் ஒரு டீ குடித்திருக்க மாட்டார்கள்.

தசரா என்றால் குலசேகரன்பட்டினம்தானே? பாளையிலும் உண்டா?

உண்டு, அதுவும் பெரிதாக. குலசையில் வேஷம் கட்டுவது முக்கியம், பாளையில் சப்பரம். ஆயிரத்தம்மன் கோயில்தான் தலைமை. முத்தாரம்மன், உச்சினிமாகாளி, முப்பிடாதி, தூத்துவாரி, உலகம்மன், வண்ணார்பேட்டை பேராத்துச் செல்வி என்று ஒவ்வொரு தெருவுக்கும் சமுதாயத்துக்கும் ஒரு அம்மன், ஒவ்வொரு அம்மனுக்கும் ஒரு சப்பரம், மொத்தம் 12. நவராத்திரி முழுக்கக் கோயில்களில் கொலுவும் அலங்காரமும். விஜயதசமி ராத்திரி எல்லாச் சப்பரமும் மின்விளக்கு ஜோடனையோடு தெருவுக்கு வரும். விடிய விடியக் கொட்டு. மறுநாள் எல்லா அம்மன்களும் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள், ஜனம் ஒவ்வொரு சப்பரமாகத் தேங்காய் உடைத்துக்கொண்டு போகும். அன்று நடுராத்திரி எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம்.

வெளியூரில் வேலை பார்க்கிற பாளைப் பையன்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். எங்கள் தெருச் சப்பரம் பெரிதா உங்கள் தெருச் சப்பரம் பெரிதா என்ற போட்டி உண்டு. வரி கேட்டு வருகிறவர்களிடம் "நாங்க புதுசு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புதுசாக வந்தவர்களிடம்தான் முதலில் வருவார்கள். கொடுத்துவிடுங்கள். மறுநாளிலிருந்து உங்களைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தூக்கம் முக்கியம் என்கிறவர்கள் அந்த இரண்டு ராத்திரி சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது நல்லது, ஏனென்றால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

கிறிஸ்துமஸ் காலம்?

டிசம்பர் பிறந்ததும் நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பிக்கும். ராத்திரி கேரல் பாட்டுக் குழுக்கள் வீடு வீடாக வரும். கிறிஸ்தவர் அல்லாத வீட்டு முன்னாலும் நின்று பாடிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். தென்னிந்தியத் திருச்சபைக்கும் கத்தோலிக்கருக்கும் மறைமாவட்டத் தலைமை இரண்டுமே பாளையில்தான். ஆனால் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டியது அசனம். சபையார் எல்லாரும் காசும் அரிசியும் போட்டு, பெரிய அண்டாக்களில் சமைத்து, ஆலய வளாகத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் பந்தி. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது?

கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாரும் அண்ணாச்சி. வயதான அம்மாக்கள் ஆச்சி. அண்ணன் மனைவியும், அண்ணன் என்று பழகுகிறவரின் மனைவியும் மைனி. 'சார்' என்றாலும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் பத்து ரூபாய்க் கொத்தமல்லியோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிடைப்பது அண்ணாச்சிக்குத்தான். 'ஏலே', 'வே' இரண்டையும் பழகாமல் வாயில் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன விசேஷம்? அல்வா பாளையில் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இருட்டுக்கடை டவுனில், நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம்தான் திறப்பார்கள். ஜங்ஷனிலும் நல்ல கடைகள் உண்டு. விருந்தாளி வந்தால் மட்டும்தான் நாங்கள் அல்வா வாங்குவது.

வீட்டுச் சாப்பாட்டில்தான் ஊர் ருசி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட சொதி; சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டாயம், கூட இஞ்சித் துவையல். கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்துப் பொங்கிய உளுந்தஞ்சோறு. எல்லாக் காயும் போட்ட கூட்டாஞ்சோறு. கோடையில் பதநீரும் நுங்கும், மார்கழி தையில் பனங்கிழங்கு. பனங்கிழங்குக் கட்டுகளோடு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேரம் பேசாதீர்கள், தோண்டி எடுப்பது லேசான வேலை இல்லை.

புத்தகம், பேச்சு என்று ஆர்வம் உள்ளவர்களுக்கு?

இங்கே குறைவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை டுடோரியல் நடத்திப் பிழைத்துக்கொண்டே நாட்டார் பாடல்களைத் திரட்டியதும், 1960-களின் கடைசியில் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டியதும் பாளையில்தான். சம்பளம் கொடுக்கிற பல்கலைக்கழகம் எதுவும் பின்னால் இல்லாமல் நடந்த ஆராய்ச்சி அது. பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் இங்கேயே பிறந்து, கடைசிக் காலத்திலும் இங்கேயே வாழ்ந்து, 2020 டிசம்பரில் இறந்தவர். பார்க்க வந்தவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்; உப்பு, உடை, தெருக்கோயில் என்று நாம் கவனிக்காமல் விடுவதெல்லாம் அவருக்குச் சான்று. சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே உண்டு. இலக்கியக் கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும். ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்குப் போனால் போதும்.

சாயங்காலம் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

வ.உ.சி. மைதானம், அரசு அருங்காட்சியகம், கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம். அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. இப்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிற அப்பாக்கள் பலர் சின்ன வயதில் அங்கே பள்ளிச் சுற்றுலா போனவர்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

1965-இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் ஹைகிரவுண்டில். தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரியிலிருந்தெல்லாம் ஆள் வருவதால் கூட்டம் இருக்கும். அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையில் இருக்கிறது, அது 1964-லிருந்து. மூட்டு வலிக்காரர்கள் அங்கே அதிகாலையிலேயே சீட்டு வாங்க நிற்பார்கள்.

பஸ், ரயில்?

வெளியூர் பஸ்கள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து. டவுன், ஜங்ஷன் போக எந்த நேரமும் டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உள் தெருக்களுக்கு மினி பஸ். பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வரும், தூரத்திலேயே தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டைக்கென்று தனி ரயில் நிலையம் இருக்கிறது. 1923-இல் வந்த திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில் இருக்கிறது, வண்டிகள் குறைவு. சென்னைக்கோ மதுரைக்கோ டிக்கெட் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஜங்ஷனுக்குத்தான் போகவேண்டும். திருச்செந்தூருக்கு இங்கேயே ஏறலாம். கிருத்திகை, சஷ்டி நாட்களில் உட்கார இடம் கிடைக்காது, அன்றைக்குப் பஸ்ஸே மேல்.